வன்னியில் இருந்துகொண்டு ஒரு கல்லூரி அணியின் கூடைப்பந்து கார்டுகளைச் சேர்ப்பது எப்படி

கார்ட் என்றால் ஆட்டக்காரரின் படம் அச்சடித்த சின்ன அட்டை. அதைச் சேர்க்கத் தொடங்குகிற பெடியள் முதலில் கேட்பது எது விலை போகும் என்பதைத்தான். அந்தக் கேள்வியோடு தொடங்கினவர்கள் ஒரு வருசத்துக்குள் விட்டுவிடுவார்கள். எந்த அணி உங்களுக்குப் பிடிக்கும், அதில் யார் யார் விளையாடினார்கள் என்று தொடங்குங்கோ. அப்படித் தொடங்கினால் காசு இல்லாத மாதத்திலும் தேட ஏதாவது ஒன்று இருக்கும்.

நான் சேர்ப்பது நோர்த் கரோலைனா பல்கலைக்கழக அணியை. பரந்தனில் போட்டோக்கொப்பி, லமினேற்றிங், ரீலோட் எல்லாம் செய்கிற ஒரு சின்னக் கடை என்னுடையது. அமெரிக்காவைக் கண்ணால் கண்டதில்லை. பெரியம்மாவின் மகன் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறார். 1998 இல் வின்ஸ் கார்ட்டர் ரொறன்ரோ ராப்டர்ஸ் அணிக்கு வந்த பிறகு அங்கே இருந்த எங்கட பெடியள் எல்லாரும் பதினைந்தாம் இலக்க பெனியன் போட்டுத் திரிந்தார்களாம். அண்ணா எனக்கு அனுப்பிய முதல் கார்டும் கார்ட்டருடையதுதான். அதன் பின்பக்கத்தில் அவர் படித்த இடம் நோர்த் கரோலைனா என்று இருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு போனால் மைக்கேல் ஜோர்டன் வருகிறார், வோர்தி வருகிறார், பேர்கின்ஸ் வருகிறார். என்.பி.ஏ. என்கிற தொழில்முறை லீக்கின் அணிகள் புது ஆட்டக்காரரை முறைவைத்து எடுக்கிற 1998 தெரிவில் ரொறன்ரோ நான்காவதாக எடுத்தது அன்டோன் ஜேமிசனை, கோல்டன் ஸ்ரேற் ஐந்தாவதாக எடுத்தது கார்ட்டரை. அன்றிரவே இருவரையும் மாற்றிக்கொண்டார்கள். இருவரும் ஒரே கல்லூரி, ஒரே அணி. அந்த வருசத்து ஜேமிசன் கார்டும் கார்ட்டர் கார்டும் என் ஃபைலில் பக்கத்துப் பக்கத்துப் பையில் இருக்கின்றன. வேறு விதமாக அடுக்க எனக்கு மனம் வராது.

உங்களுக்கு நோர்த் கரோலைனாதான் வேண்டும் என்றில்லை. ரொறன்ரோ 2019 இல் கிண்ணம் வென்றதைப் பார்த்து இந்த விளையாட்டுக்குள் வந்தவர் என்றால் கவாய் லெனார்ட் படித்த சான் டியாகோ ஸ்ரேற்றை எடுக்கலாம், கைல் லௌரியின் வில்லனோவாவை எடுக்கலாம், ஃபிரெட் வான்விளீற்றின் விச்சிற்றா ஸ்ரேற்றை எடுக்கலாம், பஸ்கல் சியாகமின் நியூ மெக்சிக்கோ ஸ்ரேற்றை எடுக்கலாம். சின்ன அணியில் நல்ல வசதி ஒன்று இருக்கிறது. அங்கிருந்து என்.பி.ஏ.க்குப் போனவர்கள் குறைவு, கார்டுகளும் குறைவு, தொகுப்பை முடிக்கலாம் என்ற நம்பிக்கை இருக்கும். டியூக், கென்டக்கி, கன்சாஸ் போன்ற பெரிய அணிகளை எடுத்தால் வாழ்நாள் முழுக்கச் சேர்க்கலாம். ஒன்றைக் கவனியுங்கோ: சில பெரிய ஆட்டக்காரர் கல்லூரியில் விளையாடவே இல்லை. கார்ட்டரோடு ரொறன்ரோவில் ஆடிய அவருடைய உறவுக்காரர் ட்ரேசி மக்கிரேடி பள்ளிக்கூடத்தில் இருந்து நேரே என்.பி.ஏ.க்குப் போனவர். கோபி பிரையன்ற்றும் லெப்ரோன் ஜேம்ஸும் அப்படியே. அவர்களுக்கு எந்தக் கல்லூரித் தொகுப்பிலும் இடமில்லை.

அணியைத் தெரிவு செய்த கையோடு எல்லையையும் போடுங்கோ. கல்லூரி உடையில் இருக்கிற கார்ட் மட்டும் என்று வைக்கலாம். அந்தக் கல்லூரியில் படித்த எவரும், எந்த உடையில் இருந்தாலும் சரி என்று வைக்கலாம். அல்லது ஒரேயொரு வருசத்து அணியை மட்டும் எடுக்கலாம். வன்னியில் இருந்து, கைக்காசில் சேர்க்கிறவருக்கு நான் சொல்வது மூன்றாவதைத்தான். ஒரு நல்ல வருசத்தை எடுத்து அதன் ஐந்து தொடக்க ஆட்டக்காரரையும் தேடுங்கோ.

நான் தொடங்கியது 1982 அணியில். அந்த வருசம் மார்ச் 29 ஆம் திகதி நியூ ஓர்லியன்ஸில் கல்லூரிச் சுற்றுப்போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஜோர்ஜ்ரவுனை 63க்கு 62 என்று வென்ற அணி, பயிற்றுநர் டீன் சிமித். கடைசி நொடிகளில் இடப்பக்கத்தில் இருந்து பந்தைப் போட்டவர் முதலாம் வருச மாணவனான ஜோர்டன். அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த ஆட்டத்தில் 28 புள்ளி எடுத்தவர் ஜேம்ஸ் வோர்தி. பந்தைக் கொண்டு வந்து ஜோர்டனுக்குக் கொடுத்தவர் ஜிம்மி பிளாக். மற்ற இருவர் சாம் பேர்கின்ஸும் மாட் டோஹெர்ட்டியும். ஜிம்மி பிளாக் ஒரு நாளும் என்.பி.ஏ.யில் ஆடவில்லை. அதனால் என்.பி.ஏ. கார்ட் கட்டுகளில் அவரைத் தேடிப் பிரயோசனமில்லை. 1993 இல் நோர்த் கரோலைனா மறுபடி வென்றபோது இறுதிச் சுற்றின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று தெரிவான டொனால்ட் வில்லியம்ஸும் அப்படித்தான். இப்படியான ஆக்களின் கார்டுகள் ஒரு டொலருக்கும் குறைவாகக் கிடைக்கக் கூடியவை, ஆனால் தேடி எடுக்கப் பொறுமை வேண்டும். ஜோர்டனின் கார்டைக் காசு இருந்தால் யாரும் வாங்கலாம். பிளாக்கின் கார்டைத் தேடி எடுத்தவருக்குத்தான் அந்த அணியைத் தெரியும் என்று நான் நம்புகிறேன்.

எந்த வருசத்தில் எதைத் தேடுவது

இதை விளங்கிக்கொண்டால் அரைவாசிக் காசு மிச்சம்.

கல்லூரியில் ஆடுகிற மாணவர்கள் தங்கள் பெயராலும் படத்தாலும் உழைக்கக் கூடாது என்று கல்லூரி விளையாட்டை நடத்துகிற என்.சி.ஏ.ஏ. அமைப்பு நெடுங்காலம் தடை வைத்திருந்தது. 2021 யூலை முதலாம் திகதிதான் அந்தத் தடை போனது. ஆகவே அதற்கு முந்திய காலத்தில் கடையில் விற்கிற கார்ட் பக்கெற்றுகளில் அப்போது கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தவரைக் காண்பது மிக அரிது. 1980களில் சில பல்கலைக்கழகங்கள் உள்ளூர்ப் பொலிசோடு சேர்ந்து சின்னச் சின்னத் தொகுப்புகளை இலவசமாகக் கொடுத்தன. முன்பக்கம் ஆட்டக்காரர், பின்பக்கம் பிள்ளைகளுக்கான புத்திமதி. அவை குறைந்த எண்ணிக்கையில் வந்தவை, நல்ல நிலையில் கிடைத்தால் விடாதையுங்கோ.

பழைய மாணவர்களை வைத்து வந்த தொகுப்புகள் வேறு. 1989 இல் கொலீஜியற் கலெக்சன் என்ற பெயரில் நோர்த் கரோலைனாவுக்கென்றே 200 கார்ட் கொண்ட ஒரு செற் வந்தது. அதில் ஜோர்டனுக்கே பல கார்டுகள், எல்லாம் கல்லூரி உடையில். என்.பி.ஏ. பக்கமே போகாத ஆட்டக்காரரைத் தேடுகிறவர் இந்த மாதிரிப் பல்கலைக்கழகச் செற்றுகளில்தான் தொடங்க வேண்டும். இது அளவுக்கு மிஞ்சி அச்சடித்த காலம் என்பதால் விலையும் பயப்படுத்தாது.

1990களில் கிளாசிக் போன்ற கம்பனிகள் என்.பி.ஏ. தெரிவுக்குப் போகிறவர்களை மட்டும் வைத்துக் கார்ட் போட்டன. 1995 இல் ஜெரி ஸ்ரக்ஹவுஸ் மூன்றாவதாகவும் ரஷீத் வொலஸ் நான்காவதாகவும் தெரிவானார்கள், இருவரும் நோர்த் கரோலைனாதான். அந்தக் காலத்துத் தெரிவுக் கார்டுகள் பெட்டி பெட்டியாக மலிந்து கிடக்கின்றன. பிறகு பிரெஸ் பாஸ் என்ற கம்பனி வந்தது.

2009 இல் என்.பி.ஏ. உரிமை முழுக்கப் பனினி கம்பனிக்குப் போனது. அப்பர் டெக் என்ற இன்னொரு கார்ட் கம்பனியிடம் ஜோர்டனோடு செய்த ஒப்பந்தம் இருந்தது, ஆனால் அவருடைய என்.பி.ஏ. அணியான சிக்காகோ புல்ஸின் உடையைப் போட உரிமை இல்லை. அதனால் அவர்கள் அவரை நோர்த் கரோலைனா உடையில் போடத் தொடங்கினார்கள். எங்களைப் போன்ற கல்லூரி அணி சேர்ப்பவர்களுக்கு அது பெரிய புதையல். 2010-11 இல் நோர்த் கரோலைனாவுக்கென்றே அப்பர் டெக் தனிச் செற் ஒன்றும் போட்டது.

2021க்குப் பிறகு படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளின் கார்டுகளே வருகின்றன. டொப்ஸ் கம்பனியின் போமன் யூனிவேர்சிற்றி என்ற வரிசைதான் அதில் அதிகம் பேசப்படுவது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எந்தக் கம்பனியோடு ஒப்பந்தம் செய்திருக்கிறது என்பது வருசத்துக்கு வருசம் மாறும். காசு கட்ட முன்னம் அந்த வருசத்துப் பட்டியலில் உங்கள் அணி இருக்கிறதா என்று பாருங்கோ. ட்ரேடிங் கார்ட் டேற்றாபேஸ் என்ற இணையத்தளத்தில் எல்லாச் செற்றின் பட்டியலும் இலவசமாக இருக்கிறது. ஆட்டக்காரரின் பெயரைக் கொடுத்தால் அவருடைய கார்டுகள் வருசப்படி வரும்.

இன்னொரு வழி, என்.பி.ஏ. கார்டின் பின்பக்கம். பெரும்பாலான கார்டுகளில் உயரம், நிறைக்குப் பக்கத்தில் படித்த கல்லூரியும் இருக்கும். கலந்த கட்டு ஒன்று கையில் கிடைத்தால் முன்பக்கத்தைப் பார்த்து மயங்காமல் எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டு அந்த வரியை மட்டும் வாசியுங்கோ. பெயரே கேள்விப்படாத பழைய மாணவர்கள் அப்படித்தான் அகப்படுவார்கள்.

வாங்குவது

மூடின பெட்டி வாங்க வேண்டாம். உள்ளே உங்கள் அணியின் கார்ட் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். ஒரு டொலர் 300 ரூபா அளவில் நிற்கிற இந்தக் காலத்தில் அந்தக் காசை அதிர்ஷ்டத்தில் போடுவது வன்னிக் குடும்பத்துக்கு நியாயமில்லை. தனிக் கார்டாக வாங்குங்கோ.

ஈபேயில் விற்கிறவர் கேட்கிற விலையைப் பார்க்காதையுங்கோ. விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டுகிற ஒரு தெரிவு அதிலேயே இருக்கிறது. கடைசியாக விற்ற ஐந்தாறை எடுத்துப் பார்த்தால் உண்மையான விலை விளங்கும். ஃபிளியர் கம்பனியின் 1986 செற்றை உதாரணமாக எடுங்கோ. 132 கார்ட் உள்ள அந்தச் செற்றில் ஜோர்டனின் ரூக்கி கார்ட், அதாவது தொடக்ககாலக் கார்ட், எங்களுக்கு எட்டாத விலை. அதே செற்றில்தான் ஜேம்ஸ் வோர்தியின் ரூக்கியும் சாம் பேர்கின்ஸின் ரூக்கியும் இருக்கின்றன. அதே வருசம், அதே சிவப்பு நீல வெள்ளைக் கரை, 1982 அணியின் இருவர். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இங்கே நேரே அனுப்பச் சொன்னால் கார்டின் விலையை விடத் தபால் செலவு கூடிவிடும். வெளிநாட்டில் இருக்கிற ஒருவரின் முகவரிக்கு வாங்கிச் சேர்த்து வைப்பதே வழி. வாங்கிய கார்டுகளை வைத்திருந்து நீங்கள் சொல்லும்போது ஒரே பார்சலாக அனுப்புகிற கொம்சி (COMC) போன்ற தளங்களும் இருக்கின்றன. பத்துத் தபாலுக்குப் பதில் ஒன்று.

பிறகு ஆக்கள் வருகிற காலத்தைக் கணக்குப் பண்ணுங்கோ. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருவார்கள், ஆவணியில் மடுத் திருவிழாவுக்கும் பள்ளி விடுமுறைக்கும் வருவார்கள். இரண்டு மாதம் முந்தியே வாங்கி முடித்துவிடுங்கோ. கொண்டு வருகிறவருக்கு ஒரு விசயத்தை மட்டும் வடிவாகச் சொல்லுங்கோ: பெரிய சூட்கேசில் சொக்கிளேற்றோடு போடக் கூடாது, கைப்பையில், கெட்டி மட்டைப் புத்தகம் ஒன்றுக்குள் வைத்து வர வேண்டும். கார்டைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு, இரண்டு பக்கமும் காட்போட் வைத்து, ரேப் அந்தப் பிளாஸ்ரிக்கில் மட்டும் படும்படி ஒட்டச் சொல்லுங்கோ. ரேப் நுனியைக் கொஞ்சம் மடித்துவிட்டால் உரிக்க லேசு.

போலிகள்

ஜோர்டனின் பழைய கார்டுகளில் போலி அதிகம். படத்தில் கார்டின் முன்பக்கம் மட்டும் போட்டிருந்தால் பின்பக்கப் படமும் நான்கு மூலையும் கேளுங்கோ, தராதவரிடம் வாங்காதையுங்கோ. கார்ட் கைக்கு வந்ததும் நகைக்கடையில் பாவிக்கிற பத்து மடங்கு கண்ணாடியால் பாருங்கோ. அந்தக் கால அச்சில் படம் புள்ளி புள்ளியாக ஒழுங்கான கோலத்தில் இருக்கும், கறுப்பு எழுத்தோ கரைக்கோடோ புள்ளி இல்லாமல் ஒரே மையாக நிற்கும். ஸ்கான் பண்ணித் திரும்ப அச்சடித்ததில் எழுத்தும் புள்ளியாகச் சிதறும். நான் கடை ஸ்கானரில் 1200 புள்ளி அளவில் எடுத்துத் திரையில் பெருப்பித்துப் பார்ப்பேன். கண்ணாடியை விட அது இன்னும் தெளிவு.

விலை கூடிய கார்ட் என்றால் பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனம் ஒன்று தரம் பார்த்துப் பெட்டியில் மூடினதாக வாங்குவது பாதுகாப்பு. அதன் இலக்கத்தை அவர்களின் தளத்தில் சரிபார்க்கலாம். சாதாரணக் கார்டுக்கு அது தேவையில்லை.

எங்கட வெக்கையிலும் மாரியிலும் வைத்திருப்பது

முதலாவது, லமினேற் பண்ணாதையுங்கோ. வன்னிச் சனத்துக்குப் பெறுமதியான எதைக் கண்டாலும் லமினேற் பண்ண வேண்டும் என்றுதான் தோன்றும். அது ஏன் என்று எங்களுக்குத் தெரியும். இடம்பெயர்ந்த நேரம் பிறப்புச் சான்றிதழையும் உறுதியையும் சொப்பிங் பாக்கில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு மழைக்குள்ளாலும் தண்ணிக்குள்ளாலும் வந்தவர்கள் நாங்கள். ஆனால் லமினேற்றிங் என்பது சூட்டில் பசையை உருக்கி ஒட்டுவது, திரும்பக் கழற்ற முடியாது. கார்ட் அதோடு முடிந்தது. என் கடைக்கு யாராவது பிள்ளை கார்டோடு வந்து லமினேற் கேட்டால் நான் செய்து கொடுப்பதில்லை, ஒரு பிளாஸ்ரிக் உறை கொடுத்து அனுப்புவேன்.

சரியான முறை இரண்டு உறை. முதலில் மெல்லிய ஸ்லீவ், அதற்கு மேல் கெட்டியான டொப் லோடர். மூலை உடைவது பெரும்பாலும் ஸ்லீவுக்குள் போடும்போதுதான், அதனால் இதைப் பொறுமையாகச் செய்யுங்கோ. தேங்காய் எண்ணெய், மஞ்சள் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காய விட்டு, மேசையில் துணி விரித்து உட்காருங்கோ. காற்றாடியை நிறுத்துங்கோ. ஸ்லீவின் இரண்டு பக்கத்தையும் விரலால் மெல்ல அமத்தினால் வாய் திறக்கும். கார்டை முகத்தில் தொடாமல் நீளக் கரைகளில் பிடித்து, ஒரு மூலையை முதலில் உள்ளே விட்டு, பிறகு மற்றதை இறக்குங்கோ. இறுக்கமாக இருந்தால் தள்ள வேண்டாம், ஸ்லீவின் வாய் மூலையில் கத்தரியால் சின்னச் சரிவு வெட்டிவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும்.

ஃபைலில் போடுகிறவர் ஒன்பது பை உள்ள தாளை வாங்குங்கோ. புதிதாகத் திறந்தவுடன் கடும் பிளாஸ்ரிக் மணம் அடிக்கிற பி.வி.சி. தாள் வேண்டாம். அது எங்கட வெக்கையில் இளகிக் கார்டில் ஒட்டும்.

பளபளப்பான குரோம் கார்டுகள் மாரியில் வளையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்று ஈரமாகிறது, கார்டின் காகிதப் பக்கம் அந்த ஈரத்தைக் குடித்து விரிகிறது, மினுங்குகிற பக்கம் விரியாது. அதனால் கார்ட் வில்லாக வளைகிறது. வளைந்ததை அயன் பண்ணவோ பாரம் வைத்து நசிக்கவோ வேண்டாம். டொப் லோடருக்குள் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் மெல்ல மெல்லத் திரும்பும். சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வருகிற அந்தச் சின்னப் பக்கெற்றுகளை எறியாமல் சேர்த்து வையுங்கோ.

கோடையில் தகரக் கூரைக்குக் கீழ் அலுமாரி உச்சியில் வைக்கக் கூடாது. வீட்டில் மிகக் குளிரான உள்ளறையில், வெளிச்சுவரில் முட்டாமல், நிலத்தில் இருந்து உயர்த்தி வையுங்கோ. கச்சான் காற்றுக் காலத்தில் கிரவல் தூசி எந்த இடுக்குக்குள்ளாலும் வரும். காட்போட் பெட்டியில் வைப்பதைக் கறையானுக்குச் சாப்பாடு போடுவதாகவே நினையுங்கோ. செம்மண் நிலத்தில் கட்டின வீட்டில் ஒரு இரவில் சுவரேறி வந்துவிடும். மூடி இறுகுகிற பிளாஸ்ரிக் டப்பா அல்லது சதுரப் பிஸ்கற் ரின் போதும். பூச்சி உருண்டை போடாதையுங்கோ, அதன் ஆவி சில பிளாஸ்ரிக்கை இளக்கிவிடும். மாதம் ஒருக்கால் திறந்து பார்ப்பதே நல்ல மருந்து.

கணக்கு

சி.ஆர். கொப்பி ஒன்று எடுத்து ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு வரி எழுதுங்கோ: வருசம், கம்பனி, கார்ட் இலக்கம், பெயர், கல்லூரி உடையா என்.பி.ஏ. உடையா, என்ன விலை, யார் கொண்டு வந்தது. போனில் படமும் எடுத்து வையுங்கோ. ஒரே கார்டை இரண்டு தரம் வாங்காமல் இருக்க இதை விட வேறு வழி இல்லை. இரண்டாவதாக வந்துவிட்ட கார்டை மாற்றுக்கு வையுங்கோ.

அணியின் ஆட்டங்களையும் பாருங்கோ. கல்லூரிச் சுற்றுப்போட்டி மார்ச்சில் தொடங்கி ஏப்ரல் தொடக்கத்தில் முடியும். இறுதி ஆட்டம் அங்கே திங்கள் இரவு, எங்களுக்குச் செவ்வாய் காலை ஏழு மணிக்குக் கிட்ட. நான் கடை திறக்க முன்னம் பார்த்து முடிப்பேன். இப்போது ஆடுகிற பிள்ளைகளில் யாருடைய கார்டை வாங்குவது என்று அந்தக் காலைகளில்தான் எனக்கு விளங்குகிறது.

வின்ஸ் கார்ட்டர் 2001 மே 20 ஆம் திகதி காலையில் தன் கல்லூரிப் பட்டமளிப்புக்குப் போய்விட்டு, அன்று பின்னேரமே பிலடெல்பியாவில் ஏழாவது ஆட்டம் ஆடினார். கடைசிப் பந்து உள்ளே போகவில்லை, ரொறன்ரோ தோற்றது. பட்டம் வாங்கப் போனது பிழை என்று அங்கே கன சனம் ஏசியது. ஸ்காபரோ அண்ணா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சண்டை பிடிப்பார். படிப்பை முடிக்கிறேன் என்று தாய்க்குக் கொடுத்த சொல்லைக் காப்பாற்றிய பிள்ளை அவர் என்பதுதான் என் பக்கம். 2024 நவம்பரில் அதே ரொறன்ரோ அவருடைய பதினைந்தாம் இலக்கத்தை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று உச்சியில் ஏற்றியது. இந்த மாதிரிக் கதையைக் கொப்பியில் கார்டின் வரிக்குக் கீழே இரண்டு வரியில் எழுதி வையுங்கோ. உங்களுக்குப் பிறகு அந்த ரின்னைத் திறக்கிற பிள்ளைக்கு விலையை விட அது பிரயோசனம்.

விடுமுறைக்கு வந்தவர் திரும்பிப் போகும்போது அடுத்த வருசத்துக்கான பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கோ. பத்துக்கு மேல் எழுதாதையுங்கோ. வருசமும் கம்பனியும் கார்ட் இலக்கமும் ஒவ்வொன்றுக்கும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயரைப் பார்த்து வேறு கார்ட் வாங்கி வந்துவிடுவார்கள். கூடிய விலை எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும் பக்கத்தில் போடுங்கோ. அதே தாளைப் படமெடுத்து வைபரிலும் அனுப்பி வையுங்கோ.